கஞ்சிப்பாசியின் பெயர்கள்: பாம்பன் கரையில் ஒரு வேதியியல் நூல்தேடல்

வேதியியல் படிப்பவர்களும் ‘இலக்கியம்’ என்ற சொல்லைப் புழங்குகிறார்கள் என்பது நம் வாசகர்களில் சிலருக்கு வியப்பளிக்கலாம். பல்கலைக்கழக ஆய்வேடுகளில் முதல் அத்தியாயம் முன்னுரை என்றால், இரண்டாவது அநேகமாக ‘இலக்கிய மீளாய்வு’ என்ற தலைப்பில் அமைந்திருக்கும். அங்கே கம்பனும் வருவதில்லை, புதுமைப்பித்தனும் வருவதில்லை. ஒரு பொருளை இதற்கு முன் யார், எந்த ஆண்டில், எந்த ஊரில், எந்த முறையில் சோதித்து என்ன கண்டார்கள் என்பதற்கான எழுத்துச் சான்றுகள் அனைத்தும் சேர்ந்ததே வேதியியலாரின் இலக்கியம். ஆய்விதழ்க் கட்டுரைகள், சுருக்கத் தொகுதிகள், கையேடுகள், காப்புரிமை ஆவணங்கள் எல்லாம் அதில் அடக்கம்.

எங்களில் சிலர் வேதியியல் பயின்றவர்கள். அந்த இலக்கியத்தைத் தேடவும், படிக்கவும், பிறருக்கு எடுத்துச் சொல்லவும் எங்களுக்கு எவரும் முறையாகக் கற்றுத் தரவில்லை. ஆய்வகத்தில் பிப்பெட் பிடிக்கும் விதத்தைப் பத்து முறை திருத்தினார்கள். நூலகத்தில் எந்த அலமாரியில் எதைத் தேடுவது என்று ஒரு முறைகூடக் காட்டவில்லை. இரண்டாம் அத்தியாயம் எழுத வேண்டிய நாள் வந்தபோது மூத்த மாணவர் ஒருவரின் ஆய்வேட்டை இரவல் வாங்கி, அதிலிருந்த மேற்கோள்களை வாக்கியம் மாற்றி எழுதிக்கொண்டோம். அந்த மூத்தவரும் அப்படித்தான் செய்திருந்தார் என்பது பின்னால் தெரியவந்தது. ஓர் ஆய்வேட்டில் பிழையாக விழுந்த ஆண்டு எண், அடுத்தடுத்து வந்த ஆய்வேடுகளிலும் அதே பிழையோடு நின்றது. ஏடெழுதியவரின் கைப்பிழை பரம்பரையாகத் தொடர்வதைப் பதிப்பாசிரியர்கள் அறிவார்கள். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடுகளை ஒப்பிட்டது எதற்காக என்று தமிழ் மாணவருக்குச் சொல்லித் தருகிறார்கள். தன் துறையிலும் அதே காரியம் உண்டு என்பதை வேதியியல் மாணவர் தாமாகத் தெரிந்துகொண்டால்தான் உண்டு.

பிற்காலத்தில் இந்தக் குறையை நாங்களே தீர்த்துக்கொள்ள முனைந்தபோது, பயிற்சிக்கு ஒரு கரையையும் ஒரு பொருளையும் தேர்ந்துகொண்டோம். கரை பாம்பன். பொருள் கடற்பாசி. ஏறக்குறைய நூறாண்டுக்கால அறிவியல் எழுத்து சில மைல் சுற்றளவுக்குள் விளைந்த இடம் அது என்பதே காரணம். அந்தத் தேடலில் நாங்கள் கற்றதை இங்கே வரலாற்று முறையில் தொகுத்துச் சொல்ல முயல்கிறோம்.

* * *

பாம்பன் கால்வாயின் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இவ்விரண்டுக்கும் நடுவே 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட ரயில் பாலமும், 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலமும், 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய ரயில் பாலமும் எழுந்தன. பாலங்களைப் பார்க்க வருவோர் அநேகர். பாலத்துக்குக் கீழே, பாறையும் பவளமும் மணலும் கலந்த ஆழமற்ற கடலில் வளரும் பாசிகளைக் கவனிப்போர் சிலரே.

பாம்பனை அடுத்த சின்னப்பாலம் முதலிய ஊர்களின் பெண்கள் கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி முழுகிப் பாசி பறிக்கிறார்கள். அவர்கள் பாசிகளைப் பிரித்தறிந்து வைத்திருக்கும் பெயர்கள் அழகானவை. தோட்டத்து மரிக்கொழுந்தைப் போல் தோன்றுவது மரிக்கொழுந்துப் பாசி. கஞ்சியாகக் காய்ச்சிக் குடிக்க உதவுவது கஞ்சிப்பாசி. கட்டக்கோரை என்பதும் பக்கோடாப் பாசி என்பதும் பழுப்பு நிறத்தவை. முதலிரண்டிலிருந்து அகர் கிடைக்கும், பின்னிரண்டிலிருந்து ஆல்ஜினேட் கிடைக்கும். இராமநாதபுரக் கரையின் இஸ்லாமிய வீடுகளில் நோன்பு மாதத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்து உறையவைக்கும் ‘கடல்பாசி’ இந்த அகரைக் கொண்டு செய்யப்படுவதே. ஐஸ்கிரீமிலும் மாத்திரையிலும் துணிச்சாயத்திலும் நாம் அறியாமலே இப்பொருள்கள் கலந்திருக்கின்றன.

பாசியின் பெயர் அதன் பயனைச் சொல்கிறது என்பதை மனத்தில் இருத்திக்கொள்வோம். ஆய்வு நூல்களுக்குள் நுழையும்போது நமக்கு முதல் இடர் பெயரால்தான் வருகிறது.

* * *

கஞ்சிப்பாசிக்கு இன்று அறிவியல் நூல்களில் பரவலாக வழங்கும் பெயர் கிராசிலேரியா எடுலிஸ். இப்பெயரை மட்டும் கணினியில் இட்டுத் தேடும் மாணவருக்கு நூற்றுக்கணக்கான கட்டுரைகள் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதிக்கு உரியவை. இந்தப் பாசியின் வேதியியல் அப்போதுதான் தொடங்கியது என்று அவர் எண்ணிக்கொண்டால் அது அவர் குற்றமன்று.

ஆனால் 1874இல் ஃப்ளூக்கிகரும் ஹான்பரியும் எழுதி லண்டனில் வெளியான ‘ஃபார்மகோகிராஃபியா’ என்னும் மருந்துப் பொருள் நூலில் இதே பாசி ‘ஃபுகஸ் அமைலேசியஸ்’ என்ற தலைப்பில் இருக்கிறது. வணிக வழக்கில் அதற்குச் ‘சிலோன் பாசி’ என்றும் ‘யாழ்ப்பாணப் பாசி’ என்றும் பெயர். அதற்கும் முன்னால், 1830களிலேயே, கல்கத்தாவில் பணியாற்றிய வேதியியல் பேராசிரியரும் மருத்துவருமான ஓஷானஸி, நோயாளிகளுக்கு உகந்த உணவென்று இப்பாசியை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். வேறு பல நூல்களில் இது கிராசிலேரியா லிச்செனாய்டஸ் என்று குறிக்கப்படுகிறது. பாசியிலிருந்து கிடைக்கும் பொருளின் கதையும் இதுவே. பிரெஞ்சு வேதியியலாளர் பாயென் 1859இல் அதற்கு ‘ஜெலோஸ்’ என்று பெயரிட்டார். மலாய் மொழியின் அகர் என்ற பெயர் பின்னர் நிலைபெற்றது.

ஆகவே இன்றைய பெயரை மட்டும் அறிந்தவர் ஒன்றரை நூற்றாண்டு எழுத்தைத் தவறவிடுகிறார். தொல்காப்பியத்தில் இடைகழியைத் தேடுபவர் அன்றைய சொல் எதுவென்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது போன்றது இது. வேதியியலில் இந்தச் சிக்கலை உணர்ந்தே 1965இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் சுருக்கச் சேவை ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிவெண் வழங்கத் தொடங்கியது. அகரின் எண் 9002-18-0. ஜெலோஸ் என்று எழுதினாலும் கடல்பாசி என்று எழுதினாலும் எண் மாறாது. பொருளுக்கு எண் வந்தது. உயிரினத்துக்கோ இன்றும் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது. எனவே தேடத் தொடங்குமுன் ஒரு தாளில் அந்தப் பாசியின் பழைய பெயர்கள், வணிகப் பெயர்கள், உள்ளூர்ப் பெயர்கள் அனைத்தையும் எழுதிவைத்துக்கொள்வது முதல் பாடம். இதை எந்தப் பாடத்திட்டமும் எங்களுக்குச் சொல்லவில்லை. கஞ்சிப்பாசிதான் சொன்னது.

இரண்டாவது பாடத்தையும் அகரின் வரலாற்றிலிருந்தே கற்றோம். ஆறும்போது ஏறக்குறைய 35 முதல் 40 பாகையில் உறையும் அகர், உறைந்தபின் 85 பாகைக்கு மேல் சூடேற்றினாலன்றி உருகாது. நுண்ணுயிர்களை வளர்த்துப் பார்க்க இதைவிடத் தோதான தளம் இல்லை. ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பணிபுரிந்த வால்தர் ஹெஸ்ஸேவுக்கு இதைச் சொன்னவர் அவர் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே. கோடை வெயிலிலும் உருகாத பழக்கூழ் செய்யும் சமையற்பக்குவத்திலிருந்து அவர் அதை அறிந்திருந்தார். ஜாவாவில் வாழ்ந்த குடும்பத்தினரிடமிருந்து அவருக்கு அந்தப் பக்குவம் வந்தது என்பார்கள். 1882இல் கோக் காசநோய்க் கிருமி பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அகர் ஓரிடத்தில் வருகிறது, ஹெஸ்ஸே தம்பதியின் பெயர் வரவில்லை. அச்சில் இருப்பதை மட்டும் நம்பி வரலாறு எழுதினால் அடுப்படி விடுபட்டுப் போகும். பாம்பன் கரையில் இந்த நினைவு நமக்குத் தேவைப்படும்.

* * *

இனி பாம்பனின் சொந்த நூலடுக்குக்கு வருவோம். பாம்பனுக்குத் தெற்கே கூப்பிடு தொலைவில் இருக்கும் குருசடைத் தீவு, அறிவியல் எழுத்தில் இந்தக் கரையின் முதல் பெரும் முகவரி. 1927இல் சென்னை அரசு அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றித் தனி வெளியீடு ஒன்றைக் கொணர்ந்தது. அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் கிரேவ்லி அதற்குப் பொறுப்பாக இருந்தார். அதில் தீவின் தாவரங்கள், பாசிகள் பற்றி எழுதியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு என்றும் இணைத்துப் பேசப்படும் பாசியியல் அறிஞர் எம்.ஓ.பி. அய்யங்கார். அவர் பகுதி நான்கு பக்கங்களே. பின்னால் மண்டபம் கரையின் பாசிகளைப் பற்றி எழுதப்பட்டவற்றில் தொடங்கி மேற்கோள்களைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தால், பல பாதைகள் அந்த நான்கு பக்கங்களில் வந்து முடிகின்றன. ஒரு துறையின் மூல ஊற்று பருமனான நூலாக இருக்க வேண்டியதில்லை என்பதை அங்கே கண்டோம்.

அய்யங்கார் எழுதியது தாவரவியல். எந்தப் பாசி எங்கே வளர்கிறது என்பதே அவர் கேள்வி. அதிலிருந்து என்ன எடுக்கலாம் என்ற வேதியியல் கேள்வியை இந்தியாவில் வலுவாக எழுப்பியது இரண்டாம் உலகப் போர். அன்று உலகச் சந்தையின் அகர் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியதும் அந்த வரத்து நின்றது. கிருமிகளைச் சோதிக்கவும் தடுப்பு மருந்து தயாரிக்கவும் அகர் இன்றியமையாதது என்பதால் ஒவ்வொரு நாடும் தன் கடற்கரையைத் தேடியது. அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் 1942இல் அமைந்தது. அதன் ஆய்விதழில் 1943இலேயே போஸ், கரீமுல்லா, சித்திக் ஆகிய மூவர் இந்தியாவில் அகர் தயாரிப்பது பற்றி எழுதிய கட்டுரை வந்துவிட்டது. ஒரு கட்டுரையின் ஆண்டைக் கண்டதும் அந்த ஆண்டில் உலகில் என்ன நடந்தது என்று கேட்பது வரலாற்று மாணவரின் பழக்கம். வேதியியல் மாணவருக்கும் அது வேண்டும். 1943 என்ற எண்ணுக்குப் பின்னால் போர் இருப்பதைக் காணாதவர், அந்தக் கட்டுரை ஏன் எழுதப்பட்டது என்பதையே காணாதவர்.

* * *

போருக்குப் பின் 1947 பிப்ரவரியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. முதலில் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகத்தில் ஒண்டிக்கொண்டிருந்து, 1949இல் மண்டபம் கேம்பிற்குக் குடிபெயர்ந்தது. ‘கேம்ப்’ என்ற பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழர்கள் நோய்த் தடுப்புக்காக நிறுத்திவைக்கப்பட்ட முகாம் அது. எண்ணற்ற குடும்பங்கள் கடல் கடக்குமுன் காத்துக்கிடந்த நிலத்தில் கடல்நீரை அளக்கும் ஆய்வகம் எழுந்தது.

1950களில் அங்கிருந்து வந்த எழுத்து இன்றும் பயில்வதற்கு உரியது. நிலையத்தை அந்த ஆண்டுகளில் வழிநடத்திய என்.கே. பணிக்கர் பின்னாளில் தேசியக் கடலியல் நிறுவனத்தின் முதல் இயக்குநரானவர். 1954இல் நிலையத்தின் ஆய்வுகளுக்கு இடந்தரும் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிஷரீஸ்’ இதழ் தொடங்கியது. முதல் தொகுதியிலேயே ஆர். ஜெயராமன், மண்டபத்தை ஒட்டிய மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் உப்புத்தன்மை, கரைந்த உயிர்வளி, ஊட்ட உப்புகள் ஆகியவை பருவந்தோறும் மாறுவதைப் பற்றி எழுதினார். ஒரே நிலத்துண்டின் இரு பக்கத்துக் கடல்களையும் ஒரே கையால் அளந்து ஒப்பிடும் வாய்ப்பு பாம்பன் கரைக்கு வாய்த்தது போல் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. 1956இல் வி. கிருஷ்ண பிள்ளை இந்தியக் கடற்பாசிகளின் தாதுப்பொருள்களைப் பற்றிய வேதியியல் ஆய்வை இந்திய அறிவியல் கழக நடவடிக்கைகளில் வெளியிட்டார். பிரான்செஸ்கா திவி பாசிகளின் பயன்பாடு பற்றித் தொடர்ந்து எழுதினார். ஆய்வகக் கருவிகள் இல்லாமலே சிறு தொழிலாக அகர் எடுக்கும் முறையும் மண்டபத்தில் உருவானது. பாசியைக் கழுவி, ஊறவைத்து, அரைத்து, கொதிக்கவைத்து, வடித்து, உறையவைத்து உலர்த்துவதே அதன் சாரம்.

இந்தக் கட்டுரைகளைப் படிக்கையில் எங்களைக் கவர்ந்தது அவற்றின் இரண்டாம் பகுதி. எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்த முறையில் அளந்தோம் என்பதை அவை சொல்லிவிடுகின்றன. கரைந்த உயிர்வளியை அளக்க உலகெங்கும் கையாண்ட முறை 1888இல் விங்க்ளர் கண்டறிந்தது. அதன் பெயரைச் சொன்னாலே போதும், எங்கிருக்கும் வாசகரும் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கலாம். பாசியிலுள்ள அகரின் அளவும் ஆல்ஜினேட்டின் அளவும் மாதத்துக்கு மாதம் மாறுபவை. ஆகையால் மாதத்தைச் சொல்லாத எண் பயனற்ற எண். பிற்கால ஆய்வேடுகள் இந்த எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு மாதத்தையும் இடத்தையும் விட்டுவிடும்போது, பாடலிலிருந்து துறையையும் திணையையும் நீக்கி வரியை மட்டும் எடுத்தாள்வது போலாகிறது.

நூலகத்துக்கு ஒரு நூல் வந்துசேர்வதே அன்று பெரும் பயணம். ஜெர்மானிய மொழியில் 1881இல் தொடங்கிய பைல்ஷ்டைன் கையேடும், 1907 முதல் அமெரிக்காவிலிருந்து வந்த ‘கெமிக்கல் ஆப்ஸ்ட்ராக்ட்ஸ்’ சுருக்கத் தொகுதிகளும் பெரிய நூலகங்களில் மட்டுமே இருந்தன. மாணவர் தொகுப்பு அட்டவணைகளைப் புரட்டி, சுருக்க எண்ணைக் குறித்து, அதிலிருந்து மூல இதழைக் கண்டு, அந்த இதழ் இல்லையென்றால் ஆசிரியருக்கே ஓர் அஞ்சலட்டை எழுதிப் பிரதி கேட்பார். டெல்லியில் 1952இல் அமைந்த இன்ஸ்டாக் என்னும் ஆவண மையம் வெளிநாட்டுக் கட்டுரைகளின் நகலும் மொழிபெயர்ப்பும் எடுத்துத் தந்தது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று 1931இல் விதி வகுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்தவர். அவருடைய கோலன் பகுப்பு முறையில் வேதியியலுக்கு உரிய எழுத்து ‘ஈ’. அத்தகைய நூலகர் வாழ்ந்த மண்ணில், நூலகத்தைப் பயன்படுத்தக் கற்காமல் வேதியியல் பட்டம் பெற முடிகிறது என்பது நாம் வெட்கப்பட வேண்டிய செய்தி.

கெமிக்கல் ஆப்ஸ்ட்ராக்ட்ஸ் 2010 முதல் அச்சில் வருவதில்லை. மண்டபத்தின் பழைய கட்டுரைகள் அந்நிலையத்தின் இணையக் களஞ்சியத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2025 முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின்கீழ் அரசுக் கல்லூரி மாணவருக்கும் ஏறத்தாழ 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. அஞ்சலட்டைக்காகக் காத்திருந்த காலத்தில் கிடைத்த கட்டுரையை வரி வரியாகப் படித்தார்கள். இன்று கிடைப்பது பெருகிவிட்டது, தேர்ந்து படிக்கும் பயிற்சியோ பெருகவில்லை.

* * *

பாம்பன் கரையின் நூலடுக்கில் மிகக் கடினமான பாடம் இனிமேல்தான் வருகிறது. கப்பாஃபைக்கஸ் அல்வரெசி என்பது இந்தக் கடலுக்கு அயலான பாசி. காரஜீனன் என்னும் கூழ்ப்பொருளுக்காகப் பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளில் பயிரிடப்படுவது. இதற்கும் பெயர்ச்சிக்கல் உண்டு. வணிகர் இதைக் ‘காட்டனி’ என்பர். 1985இல் இது யூக்கியுமா இனத்தின்கீழ் வைக்கப்பட்டது, பிறகு வேறு பெயர் பெற்றது. மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் இதன் வளர்ப்பு முறையை மண்டபத்தில் செம்மைப்படுத்தியது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெப்சி நிறுவனம் இதில் இறங்கியதும், மூங்கில் மிதவைகளில் கயிறு கட்டி வளர்க்கும் தொழில் பாக் விரிகுடாவில் பரவியது. கரையோர மக்கள் வாயில் அது ‘பெப்சி பாசி’ ஆயிற்று.

இந்த ஒரு பாசியைப் பற்றி நான்கு வகை எழுத்துகள் இருக்கின்றன. முதலாவது, காப்புரிமை. பறித்த பச்சைப் பாசியைப் பிழிந்து, சாற்றைப் பயிருக்கு உரமாகவும் சக்கையைக் காரஜீனன் எடுக்கவும் பயன்படுத்தும் முறைக்கு மேற்சொன்ன நிலையத்தார் 2005இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர். ஆய்விதழ்களை மட்டும் தேடும் மாணவர் கண்ணில் இது படாது. இரண்டாவது, எச்சரிக்கை. அதே 2005இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் பெரைராவும் வெர்லேக்கரும் மன்னார் வளைகுடா உயிரின ஊடுருவலை நோக்கிச் செல்கிறதா என்று கேள்வி எழுப்பினர். மூன்றாவது, அரசாணை. 2005 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இப்பாசி வளர்ப்பைப் பாக் விரிகுடாவின் வடபகுதிக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கேயுள்ள கடலுக்கும் என்று வரையறுத்தது. இடைப்பட்ட மன்னார் வளைகுடா விலக்கப்பட்டது. நான்காவது, 2008இல் அதே கரண்ட் சயின்ஸில் சந்திரசேகரன் முதலானோர் எழுதிய கட்டுரை. குருசடைத் தீவின் பவளங்கள்மேல் இப்பாசி படர்ந்திருப்பதை அவர்கள் பதிவு செய்தனர். அய்யங்கார் 1927இல் பாசிகளை எண்ணிய அதே தீவு.

பரவும் வாய்ப்பு குறைவு என்றும், கண்காணித்து அகற்றிவிடலாம் என்றும் வளர்ப்பை ஆதரித்தோர் வாதிட்டனர். பவளம் செத்தபின் கண்காணித்து என்ன பயன் என்று எதிர்த்தோர் கேட்டனர். நடுவே, மிதவை கட்டி மாதவருமானம் கண்ட குடும்பங்களும், இயற்கைப் பாசியை நம்பியிருந்த பெண்களும் இருந்தனர். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல் தேசியப் பூங்காவுக்குள் வந்தபின், தீவோரம் பாசி பறிப்பதே அவர்களுக்கு வழக்கும் அச்சமும் ஆகிவிட்டிருந்தது.

இரு கட்டுரைகள் முரண்படும்போது மாணவர் என்ன செய்வது? எங்கள் காலத்து வழக்கப்படி இரண்டையும் அடுத்தடுத்த வாக்கியங்களில் மேற்கோள் காட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். அதனால் எவருக்கும் பயனில்லை. யார் எங்கே அளந்தார், எத்தனை நாள் அளந்தார், எழுதியவர் பணிபுரியும் நிலையத்துக்கு அந்தத் தொழிலில் என்ன பங்கு, ஒருவர் சொல்லாததை மற்றவர் சொல்லியிருக்கிறாரா என்று கேட்க வேண்டும். இக்கேள்விகளோடு படித்தபோது, இரு தரப்பும் பல இடங்களில் வேறுவேறு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருப்பதைக் கண்டோம். ஒருவர் பாசியின் இனப்பெருக்கத்தைப் பேசுகிறார், மற்றவர் உடைந்து மிதந்துவந்த துண்டுகளைப் பேசுகிறார். 2023 செப்டம்பரில் இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பழைய வாதம் முடியவில்லை. அதை முறையாகப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்தக் கரைக்கு வேண்டும்.

* * *

படித்ததை எடுத்துச் சொல்வது தேடலின் மறுபாதி. இங்கே கடலின் அக்கரைக்கு ஒரு கணம் போக வேண்டும். பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1860களில் தம் மாணாக்கருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். அவரும் மாணாக்கரும் சேர்ந்து உருவாக்கிய நூல்வரிசையில் வெல்ஸ் என்பவரின் வேதியியல் நூலும் ஒன்று. 1875இல் அது தமிழில் ‘கெமிஸ்தம்’ என்ற பெயரோடு வந்தது. பொருத்தமான தமிழ்ச்சொல் கிடைத்தால் அதை ஆள்வது, இல்லையேல் வடசொல், அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இசைப்பது என்பது கிறீனின் நெறி. 1916இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் தமிழ்ச் சாஸ்திரப் பரிபாஷைச் சங்கத்தை அமைத்துக் கலைச்சொற்களைத் தொகுத்தனர். ராஜாஜி பின்னர் ‘திண்ணை ரசாயனம்’ என்றே ஒரு நூல் எழுதினார். கெமிஸ்தம், ரசாயனம், இரசாயனவியல், வேதியியல் என்று துறையின் பெயரே நமக்கு நான்கு. கஞ்சிப்பாசியை நாம் குறை சொல்ல முடியாது.

ஆனால் கிறீனும் ராஜாஜியும் எழுதியது பாடநூல். முடிந்த முடிபுகளைச் சொல்வது பாடநூலின் இயல்பு. ஆய்விலக்கியத்தைத் தமிழில் சொல்வது வேறு காரியம். ஒன்று இன்னும் முடிவாகவில்லை என்பதையும், ஏன் முடிவாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாம்பன் கடலைப் பற்றிய ஆய்விலக்கியம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அந்தக் கடலில் முழுகுபவர்களின் மொழி தமிழ். அரசாணையின் விளைவு அவர்களை வந்தடைகிறது. அதற்குக் காரணமான கட்டுரை வந்தடைவதில்லை.

அவர்களுக்கு அறிவியல் புரியாது என்பார் உண்டு. மண்டபம், பாம்பன் பகுதிப் பாசிப் பெண்கள் தங்களுக்குள் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டுமே பறிப்பது என்றும், இரும்புச் சுரண்டிகளை விட்டுக் கையாலேயே பறிப்பது என்றும் கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீக்காலஜி அமைப்பு தன் பரிசை வழங்கியது. வேரோடு சுரண்டினால் பாசி மீண்டும் தழைக்காது என்ற முடிவுக்கு வர அவர்களுக்கு ஆய்விதழ் தேவைப்படவில்லை. ஆய்விதழில் இருப்பதை அவர்களிடமும், அவர்களிடம் இருப்பதை ஆய்விதழிலும் சேர்க்க ஆள்தான் தேவைப்படுகிறது. 2016இல் பாம்பனில் மீனவர்களுக்கென்றே ‘கடல் ஓசை’ என்ற சமுதாய வானொலி 90.4 அலைவரிசையில் தொடங்கப்பட்டது. ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பத்து நிமிடத்தில் தமிழில் சொல்ல இதைவிட நல்ல மேடை எங்கே கிடைக்கும்?

முதுகலை வேதியியல் மாணவருக்கு நாங்கள் ஒரு பயிற்சியைப் பரிந்துரைப்போம். ஒரு பாசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எல்லாப் பெயர்களையும் எழுதுங்கள். மேற்கோள்களைப் பிடித்து அதன் முதல் கட்டுரைவரை நடந்து செல்லுங்கள். மூலத்தைக் கண்ணால் காணாமல் எதையும் மேற்கோள் காட்டாதீர்கள். முரண்படும் இரு கட்டுரைகளைக் கண்டுபிடித்து, முரண் எங்கே பிறக்கிறது என்று சொல்லுங்கள். கடைசியாக, கண்டதை ஒரு பக்கத் தமிழில் எழுதிச் சின்னப்பாலத்துக் கரையில் பாசி உலர்த்தும் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் திருப்பிக் கேட்கும் கேள்விக்கு உங்களால் விடை சொல்ல முடியாமல் போகலாம். இரண்டாம் அத்தியாயம் எழுதத் தொடங்க அதுவே சரியான நேரம்.

நாங்கள் அப்படிக் கேட்கப்பட்ட ஒரு கேள்வியோடு இதை முடிக்கிறோம். குருசடைத் தீவில் 1927இல் எழுதிவைத்த பாசிகளில் இன்று எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று கரையில் ஓர் அம்மா கேட்டார். பட்டியல் எங்கள் பையில் இருந்தது. விடை இருக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறோம்.